சாவி கொடுத்துப் பாடவைக்கும் கிராமபோன்: உள்ளே என்ன நடக்கிறது, பழைய பெட்டியை எப்படி மீட்பது

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயோ பரணிலோ தாத்தா காலத்துக் கிராமபோன் ஒன்று கிடந்தால், இதை முழுதாக வாசித்து முடிக்கும்வரை தயவுசெய்து அதில் ரெக்கோட் போட வேண்டாம். அதில் செருகியிருக்கும் ஊசி அநேகமாகப் பல வருஷத்துக்கு முந்தியது. திருகோணமலைக் கடல்காற்றில் கறள் ஏறி, ஏற்கெனவே ஒரு பக்கம் தேய்ந்தும் இருக்கும். அதை ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும், எண்பது வருஷம் தப்பிப் பிழைத்த ஒரு குரல் நிரந்தரமாகக் கரகரத்துவிடும்.

இந்தப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை, ஒலியைப் பெருக்கும் கருவி எதுவும் உள்ளே இல்லை. நீங்கள் முறுக்கும் ஸ்பிரிங் ரெக்கோட் தட்டைச் சுழற்றுகிறது, தட்டிலுள்ள பள்ளம் ஊசியை ஆட்டுகிறது, அந்த ஆட்டம் ஒரு மெல்லிய சவ்வுக்குப் போய்க் காற்றை அசைக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆகவே ஊசியும் பள்ளமும் தொடும் அந்தச் சின்னப் புள்ளியைக் காப்பதுதான் இந்த வழிகாட்டியின் முழு வேலை. அதற்கு முதலில் இந்த மெஷின் பிறந்த கதையைக் கையால் செய்து பார்த்துவிடுவோம். செலவு அதிகமில்லை, பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: சத்தத்தைக் கண்ணால் பாருங்கள்

பால்மாப் பேணி ஒன்றின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுங்கள். ஒரு வாயில் பலூனை இழுத்துக் கட்டுங்கள். மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பில் ஒரு விரல் நீளத்துக்கும் குறைவாக வெட்டி, பலூனின் நடுவில் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டைக் குப்பி விளக்கின் சுவாலைக்கு மேலே காட்டிக் கரி பிடிக்க வையுங்கள் (கண்ணாடி சூடேறும், பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, காற்றடிக்கும் முற்றத்தில் வேண்டாம்). கண்ணாடி ஆறியதும் நரம்பின் நுனி கரியில் பட்டும் படாமலும் இருக்கப் பேணியைப் பிடித்து, அதன் திறந்த வாய்க்குள் “ஆ” என்று உரக்கப் பாடுங்கள். பாடும்போதே இன்னொருவர் கண்ணாடியை ஒரே சீராக இழுக்க வேண்டும். கரியில் நெளிநெளியாக ஒரு கோடு விழும். குரலை ஏற்றினால் நெளிவு நெருங்கும், உரத்தால் அகலும்.

1857இல் பாரிஸில் எதுவார்-லியோன் ஸ்கொட் என்ற அச்சுத் தொழிலாளி காப்புரிமை பெற்ற கருவியும் அடிப்படையில் இதுதான். ஒரு உடலியல் நூலுக்கு மெய்ப்புப் பார்க்கும்போது காதின் படங்களைக் கண்டு, செவிப்பறைக்குப் பதில் ஒரு சவ்வும் பன்றி மயிரும் கரிபூசிய தாளும் வைத்தார். ஆனால் அவருக்குச் சத்தத்தைத் திரும்பக் கேட்கும் நோக்கமே இருக்கவில்லை! எழுத்தைப் போலப் பேச்சையும் தாளில் பதிந்து கண்ணால் வாசிக்கலாம் என்றுதான் நினைத்தார். 1860 ஏப்ரலில் அவர் பதிந்த ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் கோட்டை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியால் வாசித்து ஒலியாக்கினார்கள். முதலில் ஒரு சிறுமியின் குரல் என்று எல்லோரும் நம்பினார்கள். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது. சரியான வேகத்தில் அது மெதுவாகப் பாடும் ஒரு ஆணின் குரல், அநேகமாக ஸ்கொட்டின் சொந்தக் குரல். வேகம் தப்பினால் ஆளே மாறிவிடுவார் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது: கோட்டைப் பள்ளமாக்கியவர்கள்

கரிக்கோட்டில் ஊசியை ஓட்ட முடியாது, அதற்கு ஒரு பள்ளம் வேண்டும். 1877இல் எடிசன் செய்தது அதைத்தான். திருகுச் சுருள் வெட்டிய ஒரு உருளையில் வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, கைப்பிடியால் சுழற்றிக்கொண்டே வாய்க்குழலில் பேசினால், சவ்வில் பொருத்திய ஊசி தகட்டை மேலும் கீழுமாக அமுக்கிப் பள்ளமிடும். திரும்ப ஆரம்பத்தில் கொண்டுபோய் ஊசியை வைத்துச் சுழற்றினால் பேசியது திரும்பி வரும். ஒரே பாதை, போவதும் வருவதும் மட்டும் மாறுகிறது. அதே வருஷம் ஏப்ரலில் பிரான்சில் சார்ல் குரோ என்பவரும் இதே யோசனையை எழுதி விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைத்திருந்தார், ஆனால் மெஷின் செய்து காட்டியது எடிசன்தான். வெள்ளீயத் தகடு சில தடவை ஓட்டினாலே அழிந்துவிடும். அமுக்குவதை விட்டு மெழுகைச் செதுக்கலாம் என்று கண்டுபிடித்து 1886இல் காப்புரிமை பெற்றவர்கள் சிச்செஸ்டர் பெல்லும் சார்ள்ஸ் டெயின்டரும்.

ஆனால் நம் வீட்டில் கிடக்கும் பெட்டியின் நேரடி மூதாதை எமில் பெர்லினருடைய கிராமபோன், 1887. அவர் இரண்டு விஷயத்தை மாற்றினார். உருளைக்குப் பதில் தட்டு, மேல்கீழ் ஆட்டத்துக்குப் பதில் இடம்வல ஆட்டம். மெழுகு பூசிய துத்தநாகத் தட்டில் ஊசி கோடு கிழிக்கும், பிறகு அமிலத்தில் போட்டால் கோடு பள்ளமாக அரிபடும். இதில் பெரிய விஷயம் எதுவென்றால், ஒரு மூலத்திலிருந்து உலோக அச்சு எடுத்து எத்தனை தட்டு வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். ஆரம்ப கால மெழுகு உருளைக்கு இந்த வசதி சரியாக இல்லாததால், பாடகர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு உருளைக்கும் அச்சு வார்க்கும் முறை வந்தது, ஆனாலும் தட்டு முந்திவிட்டது. 1929இல் எடிசன் ரெக்கோட் தொழிலையே கைவிட்டார்.

பெர்லினருடைய முதல் மெஷின்களைக் கையால்தான் சுற்ற வேண்டும், கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அமெரிக்காவின் கம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் 1896இல் அதற்கு ஸ்பிரிங் மோட்டர் செய்து கொடுத்த பிறகுதான் கிராமபோன் பாட்டுக்கு உரிய பொருளாக ஆனது.

இதையும் கையால் உணர ஒரு வழி. உடைந்து, இனி எதற்கும் உதவாத பழைய 78 தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் கிராமபோன் ரெக்கோட், ஒன்று கிடைத்தால் (நல்ல தட்டில் ஒருபோதும் வேண்டாம்) தடித்த காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஒரு குண்டூசியைக் குறுக்காகக் குத்துங்கள். தட்டைச் சுழலவிட்டு ஊசி முனையை மெதுவாகப் பள்ளத்தில் தாங்கிப் பிடியுங்கள். காகிதமே பாடும். இதைக் கேட்ட பிள்ளைக்குக் கிராமபோன் எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

நம் பக்கத்துக்குக் குரல் வந்த விதம்

1902 நவம்பரில் பிரெட் கைஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் இறங்கி, பாடகி கௌஹர் ஜான் உட்படப் பலரைப் பதிந்தார். மைக் என்று ஒன்று கிடையாது. பெரிய ஹோர்ன் ஒன்றின் வாய்க்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும், உச்சஸ்தாயிக்குப் போனால் பின்வாங்க வேண்டும். பாடகர் காற்றில் போடும் தள்ளுதான் மெழுகைச் செதுக்கும் சக்தி, வேறு சக்தியே இல்லை. பதிந்த மெழுகு ஜெர்மனியிலுள்ள ஹனோவர் தொழிற்சாலைக்குக் கப்பலில் போய், தட்டாகத் திரும்பி வந்தது. யாருடைய பதிவு என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதனால்தான் கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் தொழிற்சாலை வந்துவிட்டது. சென்னைக்கும் ஒலிப்பதிவாளர்கள் வந்தார்கள். தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி போன்ற பாடகிகளின் குரல் இன்றைக்கும் நமக்குக் கேட்பது அப்படித்தான்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். ஒரு இரவு முழுக்கப் பாடக்கூடியவர்கள் அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தையும் கீர்த்தனையையும் அடக்கினார்கள். குறையாகத் தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீணடிக்க ஒரு மூச்சுக்கூட இல்லாத அந்தப் பாட்டுகளில் ஒரு தீவிரம் இருக்கிறது.

1925இல் மைக்கும் மின்பெருக்கியும் ஒலிப்பதிவுக்கு வந்த பிறகு சுருதி வாத்தியமும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. பெரும்பாலான வீடுகளில் மிஞ்சியிருப்பது அதற்குப் பிந்திய தட்டுகள்தான். எச்.எம்.வி. 102 என்ற கைப்பெட்டி மொடல் 1931இல் வந்தது. இனி நான் சொல்லும் வேலைகள் அந்த மாதிரி மூடியுள்ள கைப்பெட்டியை மனதில் வைத்து.

பெட்டியைத் திறக்கும் முன்: ஸ்பிரிங்கை இறக்குங்கள்

இது பாதுகாப்பு விஷயம், தாண்டிப் போகாதீர்கள். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பல மீற்றர் நீளமான உருக்குப் பட்டி. முறுக்கேறிய நிலையில் மோட்டரைக் கழற்றினால் விரலைக் கிழித்துவிடும். பிரேக்கை விடுவித்து, தட்டுமேடை தானாகச் சுற்றி ஓய்ந்து, கையால் தள்ளினாலும் இழுவை இல்லாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். ஸ்பிரிங் அடங்கியிருக்கும் உருண்டை டப்பாவை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

மேடையை நேராக மேலே தூக்கினால் கழன்று வரும். இறுகியிருந்தால் ஒருவர் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் நடு அச்சின் தலையில் மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டலாம். பிறகு பலகையின் ஓரத்துத் திருகாணிகளைக் கழற்றி மோட்டரைத் தூக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படி வையுங்கள்.

பழைய கிரீஸ் பிசின்போல இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல்தூரிகையால் பற்சக்கரங்களைச் சுத்தம் செய்து, நன்றாகத் துடைத்து, காற்றில் உலர விடுங்கள். பற்களுக்கு மெல்லிய கிரீஸ், அச்சு முனைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. அதிகம் வேண்டாம், வழியும் எண்ணெயில் தூசி ஒட்டும்.

மோட்டரின் ஓரத்தில் மூன்று சின்ன ஈயக் குண்டுகள் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகளில் பொருந்தி ஒரு அச்சைச் சுற்றி நிற்கும். இதுதான் கவர்னர், இந்த மெஷினில் எனக்கு மிகப் பிடித்த பாகம். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே வீசும். வீசும்போது ஒரு வட்டத் தகட்டை இழுத்துத் தோல் பட்டை ஒன்றில் உரசவைக்கும், உரசினால் வேகம் குறையும். குறைந்தால் குண்டுகள் உள்ளே வரும், உரசல் விடும். ஸ்பிரிங் முழுக்க முறுகியிருந்தாலும் பாதி தளர்ந்திருந்தாலும் பாட்டு ஒரே சுருதியில் நிற்பது இதனால்தான். குண்டுகளின் திருகாணி எதுவும் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், தோல் பட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அது காய்ந்திருந்தால் கீச்சிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு ஓடும்போது உள்ளேயிருந்து இடையிடையே “டொக்” என்று சத்தம் வந்தால், ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிரீஸ் இறுகி, சுருள்கள் ஒட்டிப் பிரிகின்றன என்று அர்த்தம். அதைப் பழைய மணிக்கூடோ தையல் மெஷினோ திருத்திக் கைபழகிய ஒருவரிடம் கொடுங்கள். வாஸ்லினில் பென்சில் கரி எனப்படும் கிராபைட் தூள் கலந்து பூசச் சொல்லுங்கள், அந்தக் காலத்துக் கலவையும் கிட்டத்தட்ட அதுதான்.

சவுண்ட் பாக்ஸ்

ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான தலை. உள்ளே மைக்காவாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு மெல்லிய சவ்வு, அதன் விளிம்பை இரண்டு பக்கமும் தாங்கும் ரப்பர் வளையம். ஊசி இடம்வலமாக ஆட, ஊசித்தண்டு நெம்புகோலாக வேலைசெய்து சவ்வின் நடுவைத் தள்ளி இழுக்கிறது. காற்று அங்கிருந்து டோன் ஆர்ம் எனப்படும், இந்தத் தலையைத் தாங்கும் குழாய் வழியாகப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஹோர்னுக்குப் போகிறது. குழல் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போவது, நாதஸ்வரத்தின் அணசு போல, சின்ன சவ்வின் அசைவை அறையின் காற்றோடு இணைப்பதற்காக.

இந்தப் பாதையில் எங்கே காற்று ஒழுகினாலும் கனமான சுருதிகள் காணாமல் போகும், பாட்டு மெலிந்து தகரம்போல ஒலிக்கும். தொண்ணூறு வீதம் குற்றவாளி அந்த ரப்பர் வளையம்தான், வருஷக்கணக்கில் கல்லாகியிருக்கும். நகத்தால் அமுக்கிப் பாருங்கள், அமுங்காவிட்டால் மாற்ற வேண்டும். அதே தடிப்புள்ள மென்மையான ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாயை வளையமாக வெட்டிப் போடலாம். சவ்வும் தண்டும் சேரும் இடத்தில் மெழுகு உதிர்ந்திருந்தால் ஒரு பொட்டுத் தேன்மெழுகு. சில வகைகளைத் திறக்க முடியாதபடி மூடியிருப்பார்கள், அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை வார்ப்புகள் வயதானால் வீங்கி வெடிக்கும். எதையும் வற்புறுத்தித் திருகாதீர்கள்.

ஊசி: ஒரு பக்கத்துக்கு ஒன்று

இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. உருக்கு ஊசியை ஒரு பக்கம் ஓட்டியதும் எறிந்துவிட வேண்டும், மறுபக்கத்துக்குப் புது ஊசி.

காரணத்தைச் சொல்கிறேன். 78 தட்டு பிளாஸ்டிக் அல்ல. புரசு போன்ற மரங்களில் பூச்சிகள் விடும் அரக்கு, அதோடு நிறையக் கற்தூள், கரி, பஞ்சு இழை. கற்தூளை வேண்டுமென்றே சேர்த்தார்கள். முதல் சில சுற்றுகளிலேயே அது ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருத்திவிடும். தலையின் பாரம் நூறு கிராமுக்கும் மேல், பள்ளமோ ஒரு பக்கத்தில் நூறு மீற்றருக்கும் கூடுதலாக நீள்கிறது. கடைசிச் சுற்றுக்கு வரும்போது முனை உளிபோலக் கூராகியிருக்கும். அந்த ஊசியை அப்படியே இன்னொரு பாட்டின் தொடக்கத்தில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைச் சீவுகிறது. தட்டு தேயாமல் இருக்க ஊசி தேய வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இது, ஊசியை மிச்சம் பிடிப்பவர்கள் ரெக்கோட்டைச் செலவழிக்கிறார்கள்.

ஊசிகள் இன்றைக்கும் புதிதாகச் செய்து ஒன்லைனில் விற்கிறார்கள். தடித்தது உரக்கப் பாடும், மெல்லியது மெதுவாக. இந்தப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அது ஒன்றுதான் வழி. மெல்லியதையே வாங்குங்கள், வீட்டு அறைக்குப் போதும். வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நம் கடற்கரை ஊரில் திறந்து வைத்த ஊசி சீக்கிரம் கறள் பிடிக்கும்.

தட்டைக் கழுவுதல்

ஸ்பிரிட், சேன்ரைசர், கொலோன் எதுவும் கிட்டவே வரக்கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். வாகன பட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்கி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் ஓட்டத்திலேயே வட்டமாகத் தேயுங்கள். நடு லேபலில் ஈரம் படக்கூடாது. வெறும் வடித்த தண்ணீரால் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளியும். விளிம்பில் வெடிப்பிருந்தால் ஈரமே வேண்டாம், உலர்ந்த தூரிகை போதும்.

பிற்காலத்து பிளாஸ்டிக் ரெக்கோட்டுகளான எல்.பி. தட்டுகளையும் 45களையும் இந்தப் பெட்டியில் போடாதீர்கள். அவற்றின் மென்மையான பிளாஸ்டிக்கும் நுண்ணிய பள்ளமும் இந்தப் பாரத்தை ஒரு தடவைகூடத் தாங்காது.

வேகம் பார்த்து, பாட விடுதல்

ஸ்கொட்டின் குரல் சிறுமியாக மாறிய கதை இங்கேதான் உதவும். லேபலின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தாளைச் செருகி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே (ஊசி இழுக்கும் பாரத்தோடு பார்க்க வேண்டும்) அரை நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 39 வந்தால் சரி. கூடினாலோ குறைந்தாலோ வேகக் கம்பியை நகர்த்துங்கள். 1920களுக்கு முந்திய தட்டுகள் 70இலிருந்து 80க்கு மேல்வரை பல வேகத்தில் பதியப்பட்டவை, அங்கே எண்ணிக்கையைவிட உங்கள் காதுதான் நல்ல நீதிபதி.

சாவியை நிதானமாகச் சுற்றி, கை கனக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் தட்டைச் சுழலவிட்டு, வேகம் பிடித்த பிறகு ஊசியை ஓரத்தில் மெதுவாக இறக்குங்கள். பழைய தட்டுகள் சிலவற்றில் ஊசியை உள்ளே கூட்டிப் போகும் பள்ளம் இருக்காது, விரல் நுனியால் லேசாகத் தள்ளிவிட வேண்டும். முடிவில் தானாக நிற்கும் என்று நம்பி எழுந்து போகாதீர்கள். பாடி முடிந்ததும் மிச்ச முறுக்கை ஓடவிட்டு இறக்கிவிடுங்கள், இறுக்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் களைத்துப்போகும்.

மழைக்காலமும் வைப்பிடமும்

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம் ஊர் ஈரத்தில் லேபல்களில் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளைப் பழைய காகித உறையிலிருந்து எடுத்துப் புது உறையில் போட்டு, நேராக நிறுத்தி வையுங்கள். சாய்த்தால் வளையும், படுக்கையாக அடுக்கினால் அடியிலுள்ளது வெடிக்கும். வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். தகரக் கூரைக்குக் கிட்டே, பரணில், வேண்டவே வேண்டாம். பெட்டியை அப்படியே மூடி வைக்காமல் மாதம் ஒருமுறையாவது ஓடவிடுங்கள்.

ஒரே பிரதிதான் இருக்கிறது, பாட்டும் வேறெங்கும் கிடைக்காது என்றால் அதைக் கிராமபோனில் போடாதீர்கள். 78க்குரிய தடித்த ஊசி பொருத்திய நவீன ரெக்கோட் பிளேயரில், சில கிராம் பாரத்தில் ஓட்டிக் கணினியில் பதிந்துகொள்ளுங்கள். இரைச்சலை நீக்கும் முன் மூலப் பதிவை அப்படியே ஒரு கோப்பாகச் சேமியுங்கள். லேபலிலுள்ள பெயர், ராகம், இலக்கம் எல்லாவற்றோடும், லேபலைச் சுற்றிப் பளபளப்பான இடத்தில் பொறித்திருக்கும் சின்ன இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பதிந்த காலத்தைக் கண்டுபிடிக்க அந்த இலக்கம்தான் உதவும்.